பினாங்கில் நமக்கென்று ஒரு வீடு: ஒரு குடும்பம் போட்ட கணக்கு

என் மனைவி வீட்டார் பினாங்கில் விடுமுறைக்கென்று ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கலாமா என்று ஏறக்குறைய அரை வருடம் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் பேசினார்கள், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் பேசினார்கள், ஒரு தடவை மருத்துவமனை வராந்தாவில்கூடப் பேசினார்கள். கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பது ஒரு காரணம், மாப்பிள்ளை சொன்னால் யாரும் நேராகச் சண்டைக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம் (வருவார்கள், அது வேறு விஷயம்). இதே யோசனையில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பது தெரியும், அதனால் வீட்டில் கேட்டுக்கொண்டு, பேர் எதுவும் போடாமல் முழுசாக எழுதுகிறேன்.

ஆட்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியாயிற்று, அத்தையோடு கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது பட்டர்வொர்த் பக்கம், தங்கை இன்னமும் அங்கேதான். பெரிய மச்சானுக்கு 47 வயது, பூச்சோங்கில் சொந்த வீடு, நீலாயில் வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு அபார்ட்மெண்ட், இரண்டுக்கும் வங்கிக் கடன் ஓடுகிறது. அடுத்தது என் மனைவி, நாங்கள் இருப்பது கோலாலம்பூர் பக்கம் ரவாங்கில். சின்ன மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை, குடும்பம் ஜொகூர் பாருவில். கடைசி மச்சினி, 29 வயது, கல்யாணம் ஆகவில்லை, பங்சார் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பிள்ளைகளையும் சேர்த்தால் பதினான்கு உருப்படி.

எல்லாம் தைப்பூசத்தில்தான் கிளம்பியது. கோலாலம்பூர்க்காரர்கள் பத்துமலைக்குப் போவார்கள், இவர்களுக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில்தான். வெள்ளி ரதம் வரும் பாதையில் நின்று தேங்காய் உடைத்தால்தான் மாமாவுக்கு வருடம் பிறந்த மாதிரி. 513 படி இப்போது அவருக்கு ஏலாது, கீழே தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துகொள்வார். அந்த நாட்களில் தீவில் ஹோட்டல் அறை கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் விலை ஏறிப்போய் இருக்கும். போன முறை இரண்டு ஹோட்டல்களில் பிரிந்து தங்க வேண்டியதாகிவிட்டது. மொத்த பில்லைப் பார்த்துவிட்டுப் பெரிய மச்சான், "இந்தக் காசை வருசா வருசம் யாருக்கோ கொடுக்கறதுக்கு நாமளே ஒரு வீடு வாங்கிப் போட்டா என்ன?" என்றார். அந்த ஒரு வரிதான். ரெண்டே வாரத்தில் ஏஜெண்டின் லிங்க் குரூப்பில் வந்து விழுந்தது.

தஞ்சோங் பூங்காவில், ஒன்பதாவது மாடி, மூன்று அறை, 1,100 சதுர அடி, ஃபிரீஹோல்ட் (காலவரம்பில்லாத உரிமை), இருபது வயதைத் தாண்டிய கட்டடம். கேட்ட விலை 520,000 ரிங்கிட்.

வீட்டைப் பார்த்தது

காலையில் போனோம். பால்கனியில் நின்றால் கடல் தெரிகிறது, பொய் இல்லை, மாமா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டார். நான் பால்கனியைப் பார்க்காமல் அதன் ஓரத்தைப் பார்த்தேன். ஏர்கான் கம்ப்ரசரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கார் சாவியால் லேசாகச் சுரண்டினால் துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கடல் காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பு எதுவாக இருந்தாலும் நகரத்தில் தாங்கும் காலம் இங்கே தாங்காது. சறுக்குக் கதவின் சக்கரம் இறுகிப்போய் இரண்டு கை போட்டு இழுக்க வேண்டியிருந்தது. அலமாரியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. இது உரிமையாளரின் குற்றமில்லை. மாதக் கணக்கில் பூட்டிக் கிடக்கும் எந்தக் கடலோர வீட்டிலும் இதுதான் நடக்கும், நாங்கள் வாங்கினாலும் மாதக் கணக்கில் பூட்டித்தான் வைக்கப்போகிறோம்.

குளியலறைக் கூரையில் பழுப்பாய் ஒரு வட்டக் கறை. மேல்மாடியிலிருந்து கசிவு. ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைப்படி, கூரையில் கசிவு என்றால் வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டிலிருந்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். சட்டம் நமக்குச் சாதகம்தான். ஆனால் புகார் கொடுத்து, ஆள் வரும் நாளில் கதவைத் திறந்துவிட ஒருவர் அங்கே இருக்க வேண்டுமே? "என் தங்கச்சி பட்டர்வொர்த்லதானே இருக்கா, வந்து திறந்துவிடுவா" என்றார் மாமா. அந்தத் தங்கைக்கும் அறுபதுக்கு மேல் ஆகிறது, பாலத்தையோ ஃபெர்ரியையோ தாண்டி வர வேண்டும். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டைவிட எனக்கு அதிகம் சொன்னது கீழே லிஃப்ட் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகை. பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலை ஒட்டிவைக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அங்கே இரண்டு தாள் நிறைய வீட்டு எண்கள். இரண்டு லிஃப்ட்டில் ஒன்றில் "ரோசாக்" (பழுது) என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், அந்த அட்டையே வெளுத்துப் போயிருந்தது. சேர்த்துப் படித்தால் கதை புரியும்: நிதியில் காசு சேரவில்லை, லிஃப்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது, யாராவது ஒருநாள் கூட்டம் போட்டு எல்லார் தலையிலும் ஒரு தொகையைக் கட்டப்போகிறார்கள். பழைய கட்டடத்தில் வாங்குகிறவர்கள் நிர்வாகத்தின் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏஜெண்டிடம் கேட்டேன். "அது பிறகு பார்க்கலாம் பாஸ்" என்றார்.

காசு

பெரிய மச்சானுக்கு ஏற்கெனவே இரண்டு வீட்டுக் கடன். மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2010-இலேயே வரம்பு போட்டுவிட்டது. அவர் கடனில் இருந்தால் 30 சதவீதம், அதாவது 156,000 ரிங்கிட், கையிலிருந்து வர வேண்டும். உரிமை மாற்ற முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 சதவீதம், அடுத்த 400,000-க்கு 2, அதற்கு மேல் 3, ஆகமொத்தம் 9,600. வக்கீல் கட்டணம் முதல் 500,000-க்கு 1.25 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம், 6,450 வருகிறது. கடன் பத்திரத்துக்குத் தனியாக வக்கீல் கட்டணம், தனியாக 0.5 சதவீத முத்திரை வரி. சேவை வரி, மதிப்பீட்டாளர், சில்லறைச் செலவெல்லாம் சேர்த்து 26,000-க்குக் கொஞ்சம் மேலே. வயரிங், ஏர்கான், தண்ணீர்க் கசிவு, மெத்தை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் 35,000 என்று போட்டேன். அத்தை அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பதினாலு பேருக்குத் தலகாணி போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை. எப்படிப் பார்த்தாலும் முதல் நாளே 217,000 ரிங்கிட் வெளியே போகிறது.

இதில் 80,000-ஐ மாமா தன் இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்து தருவதாகச் சொன்னார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காதது இதுதான், அதை மறைக்கவும் இல்லை. இபிஎப்பில் விட்டுவைத்த பணத்துக்கு நூறு வயதுவரை ஈவு உண்டு, 2024-இல் 6.30 சதவீதம் கொடுத்தார்கள். அந்த 80,000 சும்மா கிடந்தே அந்த ஒரு வருடத்தில் 5,040 ரிங்கிட் சம்பாதித்திருக்கும், வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சுவருக்குள் போட்டுவிட்டால் நாளைக்கே முட்டி அறுவைச் சிகிச்சை என்றால் சுவரைப் பெயர்த்தா எடுக்க முடியும்? பெரிய மச்சானும் தன் இபிஎப்பிலிருந்து எடுக்கலாம் என்று நினைத்திருந்தார். இரண்டாவது வீட்டுக்கு எடுக்க வேண்டும் என்றால் முதல் வீட்டை விற்றிருக்க வேண்டும். அந்த வழி அங்கேயே அடைபட்டது.

மீதி 364,000 கடன். 4.1 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 2,225. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 காசு, அதற்கு மேல் அதில் பத்து சதவீதம் சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான நிதி), மொத்தம் மாதம் 363. அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவை சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி), ஒரு தடவை சுக்காய் பெத்தாக் (அடுக்குமாடி நிலவரி), மின்சாரம், தண்ணீர், இணையம், காப்புறுதி, நாங்கள் போகும் முன் கூட்டித் துடைக்க ஆள், பழுதுக்கென்று ஒரு 4,000. கடன் இல்லாமல் இந்த ஓடும் செலவு மட்டும் வருடம் 11,600.

தவணையையும் ஓடும் செலவையும் கூட்டி நாலால் வகுத்தால் ஆளுக்கு மாதம் 800 ரிங்கிட். இந்த 800-தான் எல்லாரையும் மயக்கியது. "எண்ணூறு வெள்ளிதானே" என்று சின்ன மச்சான் சிங்கப்பூர் டாலரில் மனசுக்குள் மாற்றிப் பார்த்துச் சொன்னார். எண்ணூறு என்று சொன்னால் அதில் மாமாவின் 80,000 தெரிவதில்லை, ஆளுக்கு 34,000 முன்பணம் தெரிவதில்லை, லிஃப்ட் தெரிவதில்லை.

அதனால் நான் வேறு விதமாகக் கணக்குப் போட்டேன். தவணையில் அசலைக் கட்டுவது செலவில்லை, அது நம் சொத்தில்தான் சேர்கிறது, சரி, அதை விட்டுவிடுவோம். முதல் வருட வட்டி சுமார் 14,700. ஓடும் செலவு 11,600. வெளியே போட்டால் 5 சதவீதம் கிடைத்திருக்கும் என்று அடக்கமாக வைத்தாலும், 217,000-க்கு இழக்கும் வருமானம் 10,850. மொத்தம் 37,150 ரிங்கிட் ஒரு வருடத்துக்கு. இதை எத்தனை ராத்திரியால் வகுப்பது என்பதுதான் கேள்வி.

எத்தனை ராத்திரி தங்குவோம்

ஒவ்வொரு குடும்பமும் வருடத்தில் எத்தனை ராத்திரி அங்கே தங்கும் என்று எழுதி அனுப்பச் சொன்னேன். வந்த கூட்டுத்தொகை 96. மாமா மட்டும் "மாதம் ஒரு வாரம்" என்று போட்டிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் வீடு வாங்கியிருப்போம். இரண்டாவது முறை, தேதி போட்டு, யார் கார் ஓட்டுவது, யாருக்கு லீவு, பிள்ளைக்கு டியூஷன் இல்லையா, இதையெல்லாம் பக்கத்தில் எழுதச் சொன்னேன். உடனே மாறியது. மாமா இப்போது நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை, யாராவது கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும், இடையில் கிளினிக் அப்பாயிண்ட்மெண்ட். சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்கு பினாங்கு என்பது தீபகற்பத்தின் மறுமுனை, வார இறுதிக்கு வந்து போகும் தூரமில்லை. எங்களுக்கும்தான் என்ன, 350 கிலோமீட்டர், சாதாரண நாளிலேயே நாலரை மணி நேரம், விழாக்காலத்தில் தாப்பாவிலிருந்து ஈப்போ தாண்டும்வரை ஊர்ந்துதான் போக வேண்டும். பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் நாலு மணி நேரம்தான், ஆனால் தைப்பூசத்துக்கு டிக்கெட் திறந்ததுமே பறந்துவிடும். எல்லாரும் ஒன்றாகத் தங்கும் ராத்திரியை நாலு தடவை எண்ணியிருந்ததையும் கழித்தால் மிஞ்சியது முப்பது.

37,150 வகுத்தல் 30. ஒரு ராத்திரிக்கு 1,238 ரிங்கிட்.

அதே பகுதியில் மூன்று அறை கொண்ட வீட்டை முழுசாக வாடகைக்கு எடுத்தால் சாதாரண நாளில் 500 ஆகும், தைப்பூசத்தில் 900 வரை போகும், சராசரியாக 600 என்று வைத்தேன். முப்பது ராத்திரிக்கு 18,000. சொந்த வீடு வாடகைக்குச் சமமாக வேண்டும் என்றால் வருடத்துக்கு 62 ராத்திரி தங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டின் விலை வருடா வருடம் 3.7 சதவீதம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஏறாதா பின்ன, பினாங்கு ஆச்சே" என்றார் பெரிய மச்சான். ஏறலாம். ஆனால் அதே பகுதியில் புதுப்புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும்போது, லிஃப்ட் ஓடாத பழைய கட்டடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று நான் பந்தயம் கட்டத் தயாரில்லை. விற்கும்போதும் செலவு உண்டு. ஏஜெண்ட் கமிஷன் 3 சதவீதம்வரை, மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் சொத்து ஆதாய வரி, நாலாம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15, ஆறாம் வருடத்திலிருந்துதான் குடிமக்களுக்கு வரி இல்லை. உள்ளே போகவும் வெளியே வரவுமே வீட்டு விலையில் 8 சதவீதம் கரைந்துவிடும்.

"நாம இல்லாத நாள்ல வாடகைக்கு விட்டுடலாமே?" இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்டார்கள். கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் மொன் கியாரா கட்டடம் ஒன்றின் வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடை செய்ய நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பினாங்கு மாநிலமும் 2023-இல் வழிகாட்டி கொண்டுவந்து, தீவின் குடியிருப்பு வகை அடுக்குமாடிகளில் அது கூடாது, வணிக வகைக் கட்டடங்களில் நிபந்தனையோடுதான் என்று வைத்திருக்கிறது. அந்த அறிவிப்புப் பலகையிலேயே ஹோம்ஸ்தேக்குத் தடை என்று மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள். வருடக் கணக்கில் ஒருவருக்கு வாடகைக்கு விடலாம், தாராளமாக. அப்புறம் தைப்பூசத்துக்கு நாம் எங்கே தங்குவது? ஹோட்டலில்தான்.

மச்சினியின் பெயரில் வாங்குவது

கணக்கு இப்படி வந்ததும் ஏஜெண்ட் ஒரு புது யோசனை கொண்டுவந்தார், கெட்டிக்கார ஆள். "வீட்டுல யாராவது இதுவரைக்கும் வீடு வாங்காதவங்க இருக்காங்களா?" எல்லார் கண்ணும் மச்சினி மேல் போனது. விலையை 500,000-க்கு இறக்கித் தருகிறேன், அவள் பெயரில் மட்டும் வாங்குங்கள் என்றார். முதல் வீடு வாங்குகிறவருக்கு 500,000 வரைக்கும் உரிமை மாற்றத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் முத்திரை வரி இல்லை, அந்தச் சலுகையை அரசு 2027 கடைசிவரை நீட்டித்திருக்கிறது. மிச்சம் 11,250 ரிங்கிட். முதல் கடன் என்பதால் 90 சதவீதம்வரை கிடைக்கும், முன்பணம் 156,000-க்குப் பதிலாக 50,000 போதும். வயது 29 என்பதால் 35 வருடத் தவணை, மாதம் 2,020. மாமாவின் பணத்தைத் தொடவே வேண்டாம். மேசையில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்தேன். பெரிய மச்சான் தங்கை தோளில் தட்டி, "அப்ப நீதான் வீட்டுக்காரி" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 450,000 கடனை 35 வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 398,000 ஆகும், அதைக்கூட விடுங்கள், முன்கூட்டியே கட்டிக்கொள்ளலாம். அவள் வங்சா மாஜு பக்கம், எல்ஆர்டி ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், தனக்கென்று சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. முதல் வீட்டுச் சலுகை ஒருவருக்கு ஒரு தடவைதான். இதுவரை எந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் உரிமையாளராக இருந்திருக்கக் கூடாது, தனியாகவும் கூடாது, கூட்டாகவும் கூடாது, பரிசாகவோ பரம்பரையாகவோ வந்திருந்தாலும் கூடாது. அதாவது இப்படி அவள் பெயரில் மட்டும் வாங்கினாலும் சரி, நாலு பேரில் ஒருத்தியாகப் பெயர் போட்டாலும் சரி, அவள் நிஜமாகக் குடியிருக்கப்போகும் வீட்டுக்கு அந்தச் சலுகை போய்விடும். எங்கள் முதல் யோசனையிலும் இந்த ஓட்டை இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

கடனும் அப்படித்தான். கூட்டுக் கடன் என்றாலும் சிசிரிஸ் அறிக்கையில் (வங்கிகள் பார்க்கும் கடன் பதிவு) ஒவ்வொருவர் பெயரிலும் முழுக் கடனும் வரும், வங்கி அவளிடம் "உன் பங்கு கால்வாசிதானே" என்று கருணை காட்டாது. அண்ணன் ஒருவர் மூன்று மாதம் காசு அனுப்பாவிட்டால் கெட்டுப்போவது அவள் பெயர். பங்கு போட்ட மற்ற மூவரின் நிலையும் விசித்திரமானது: காசு கொடுத்திருப்பார்கள், கிராண்டில் (வீட்டு உரிமைப் பத்திரத்தில்) பெயர் இருக்காது. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை வீட்டார் "இது யார் வீடு?" என்று கேட்டால் என்ன பதில்?

அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த மச்சினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்குன்னு ஒரு வீடு வாங்கறதுக்கு முன்னாடி, எல்லாருக்கும் ஒரு வீடு நான் வாங்கணுமாண்ணா?"

பெரிய மச்சான் நல்ல மனிதர். அவர் அதற்குமேல் அந்த யோசனையைப் பேசவில்லை. ஏஜெண்ட் மட்டும் இன்னும் இரண்டு முறை போன் செய்தார்.

நாலு பெயர், ஒரு கிராண்ட்

மச்சினியை விட்டுவிட்டு மூன்று பேராக வாங்கலாம் என்று ஒரு சின்ன அலை எழுந்தது. இங்கே நான் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டதைச் சொன்னேன். பங்குதாரர்களில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம்: பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்குக் கால், துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் அந்தப் பங்கை விற்க நீதிமன்றம் போக வேண்டிவரும். மூன்று பெயர் ஏழு பெயராக ஆக ஒரு சாவு போதும். (இதைச் சொன்னபோது அத்தை "வாயில நல்ல வார்த்தை வராதா மாப்பிள்ளை" என்று முறைத்தார். நியாயம்தான், ஆனால் இதை யாராவது சொல்லியாக வேண்டும்.) உயிரோடு இருக்கும்போதே ஒருவர் விலக நினைத்தாலும் சுலபமில்லை. பெற்றோர் பிள்ளைக்குள் மாற்றினால் முதல் 1 மில்லியனுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு, அண்ணன் தம்பிக்குள் கிடையாது. கடனிலிருந்து ஒரு பெயரை எடுக்க மற்றவர்களின் வருமானத்தை வங்கி மறுபடி எடைபோடும்.

சின்ன மச்சான் இதைக் கேட்டுவிட்டு நேராகவே கேட்டார்: "எனக்குச் சிங்கப்பூர்லேயே பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைச்சிட்டா நான் எப்படி வெளிய வர்றது?" அதற்கு ஒரு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும், விலையை யார் நிர்ணயிப்பது, எத்தனை மாதத்தில் காசு தருவது, கட்டாதவரின் ராத்திரிகள் யாருக்கு. எழுதலாம். அண்ணன் தம்பிக்குள் இப்படி ஒரு பத்திரம் எழுதுவதா என்று மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. எழுதாமல் வாங்கினால் பிறகு முகம் சுருங்கும் என்று நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் பேச்சை முடித்தது நான் போட்ட எந்தக் கணக்கும் இல்லை. அத்தையை யாரும் அதுவரை கேட்கவில்லை. கேட்டபோது அவர் சொன்னது: "ஹோட்டல்னா காலையில யாரோ தோசை சுட்டுத் தர்றாங்க, யாரோ படுக்கையைத் தட்டிப் போடறாங்க. வீடுன்னா அங்கயும் நான்தானே அடுப்படியில நிக்கணும்? போற அன்னிக்குப் பெருக்கி, வர்ற அன்னிக்கு பதினாலு பேர் போர்வையைத் துவைச்சு மடிச்சு வச்சிட்டு வரணும். எனக்கு எதுக்கு ரெண்டு வீடு?" மருமகள்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடுமுறை வீட்டு உழைப்பு யார் முதுகில் விழும் என்று என் கணக்குத் தாளில் ஒரு வரிகூட இல்லை, துப்புரவு ஆளுக்கு 120 ரிங்கிட் என்று போட்டதோடு சரி.

முடிவு

வாங்கவில்லை. அதற்குப் பதிலாக நாலு குடும்பமும் மாதம் ஆளுக்கு 300 ரிங்கிட் ஒரு தனிக் கணக்கில் போடுகிறோம். வருடத்துக்கு 14,400, சராசரி விலைக்கு 24 ராத்திரி ஓடும். நிறுத்த நினைக்கிறவர் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு நிறுத்தலாம், வக்கீல் வேண்டாம். மச்சினிக்கு 150 போதும் என்று பெரிய மச்சான் சொன்னார், அவள் கேட்கவில்லை, முழுசாகத்தான் போடுகிறாள். தைப்பூசத்துக்கு முழு வீடு பிடிப்பது என் மனைவியின் பொறுப்பு. நாள்காட்டியில் தேதி வந்ததுமே பதிவு செய்துவிட வேண்டும், சமையல் தண்ணீர்மலை அன்னதானத்தில் அல்லது வெளியே, அத்தை கரண்டி தொடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். மாமாவின் 80,000 இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதே வீட்டை வேறு குடும்பம் வாங்கினால் சரியாக இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தீவிலேயே வேலை பார்த்து, வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து மூட முடிந்தால் பாதிப் பிரச்சனை தீரும். கடன் வாங்காமல் ஒருவரே தன் காசில் வாங்கி மற்றவர்களை விருந்தாளியாக அழைத்தால் பங்குப் பிரச்சனையே இல்லை. மாமா அத்தை இருவரும் செந்தூல் வீட்டை விட்டுவிட்டு அங்கேயே குடியேறுவதாக இருந்தால் அது விடுமுறை வீடே இல்லை, அந்தக் கணக்கே வேறு. நாங்கள் இந்த மூன்றிலும் இல்லை.

பெரிய மச்சானுக்கு இன்னும் முழுசாக மனம் ஆறவில்லை. போன வாரம் குரூப்பில் போர்ட் டிக்சனில் ஒரு கொண்டோவின் லிங்க்கைப் போட்டு, "பூச்சோங்கிலிருந்து ஒரு மணி நேரம்தான், 62 ராத்திரி ஈசியா வரும்" என்று எழுதியிருந்தார். தேதி போட்டு, யார் வருவார்கள் என்று பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினொன்று வந்திருக்கிறது, அதில் மூன்று அவர் தனியாகத் தூண்டில் போடப் போகும் ராத்திரிகள்.